ஐடியாவே வரவில்லையா? டிசைன் மாணவர்களுக்குப் படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ரீஃப் (எதை வடிவமைக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) கைக்கு வந்த அன்று இருக்கும் உற்சாகம் மூன்று நான்கு நாளில் வடிந்துவிடும். ஸ்கெட்ச் புக்கில் இரண்டு கோடு, லேப்டாப்பில் எண்ண முடியாத அளவுக்கு டேப், ஜூரிக்கு, அதாவது ஆசிரியர்கள் வேலையைப் பார்த்து மதிப்பிடும் நாளுக்கு, ஒரு வாரம்தான் பாக்கி. பக்கத்து டேபிளில் இருப்பவர் ஏற்கெனவே மாக்கப் (செய்து பார்க்கும் மாதிரி) வரை போய்விட்டார். 'எனக்குக் கிரியேட்டிவிட்டியே கிடையாதோ' என்ற பயம் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

அந்தப் பயத்தை நம்பாதீர்கள். டிசைன் மாணவர் ஒருவர் முடங்கி நிற்கும்போது திறமைக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். கேள்வி தெளிவாக இருக்காது, அல்லது பார்க்க வேண்டியதைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்க மாட்டோம், அல்லது ஐடியா பிறக்கும்போதே அதற்கு மார்க் போட ஆரம்பித்திருப்போம். பல சமயம் தூக்கம்கூட இருக்காது. எது என்று தெரிந்துவிட்டால் கையால் செய்து சரிப்படுத்தக்கூடிய வேலைதான்.

பொதுப்படையாகப் பேசினால் கையில் எதுவும் நிற்காது. ஒரே ஒரு ப்ரீஃபை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம்: கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புதிய பேக்கேஜிங். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். கல்லூரி ஸ்டுடியோவில் கொடுப்பதற்கு ஏற்ற ப்ரீஃப், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த பொருள். அதனாலேயே யாரும் சரியாகப் பார்த்திராத பொருளும்கூட.

படி 1: எங்கே அடைத்திருக்கிறது?

முதலில் ப்ரீஃபை மூடி வைத்துவிட்டு, டிசைன் படிக்காத ஒருவரிடம் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அம்மாவாக இருக்கலாம், ஹாஸ்டல் ரூம்மேட்டாக இருக்கலாம். 'கடலைமிட்டாய்க்குப் புதுசா, மாடர்னா ஒரு பேக் பண்ணணும்' என்று வந்தால் கேள்வியே இன்னும் பிறக்கவில்லை. 'புதுசு', 'மாடர்ன்', 'பிரீமியம்', 'யூத்ஃபுல்' இந்த நான்கு சொல்லையும் வைத்து யாராலும் வரைய முடியாது. உங்கள் சிக்கல் படி 2-இல் தீரும்.

வாக்கியம் தெளிவாக வருகிறது, ஆனால் மனதில் படம் எதுவும் ஓடவில்லை என்றால் சரக்கு போதவில்லை. படி 3-க்குப் போங்கள். படம் ஓடுகிறது, ஆனால் பேனாவை வைத்ததும் 'சீ, இது வேண்டாம்' என்று கை நிற்கிறது என்றால் படி 4. இது எதுவுமே இல்லை, எழுத்தே கண்ணில் மங்குகிறது என்றால் போய்ப் படுங்கள். இரண்டு நாள் தூங்காத மூளைக்கு எந்த உத்தியும் வேலை செய்யாது.

படி 2: ப்ரீஃபைக் கேள்விகளாக உடையுங்கள்

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் ஒரு செம்பு. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் இங்கே சுற்றிவிட்டு, 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்புக் கழகம் எழுந்ததற்கு அடிப்படை அந்த அறிக்கைதான். அதில் அவர்கள் மிகவும் வியந்து பேசுவது நம் வீட்டில் தண்ணீர் மொள்ளும் செம்பைத்தான். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகரவில்லை. ஒரு செம்பைப் புதிதாக வடிவமைக்க வேண்டும் என்றால் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று அடுக்கினார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தூக்குகிறவர் கை எவ்வளவு பெரிது, தலையிலா இடுப்பிலா, காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும், நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், ஊற்றும்போது தண்ணீர் எப்படி ஓடும், எப்படிக் கழுவுவது, தொட்டால் சுடுமா, கீழே வைத்தால் என்ன சத்தம் வரும், செலவு என்ன, பழைய உலோகமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று புரியும். ஒவ்வொரு கேள்வியிலும் ஓர் ஐடியா ஒளிந்திருக்கிறது. 'சத்தம்' என்று கேட்ட மாத்திரத்தில் சத்தம் வராத அடிப்பாகம் ஒன்று மனதில் தோன்றுகிறது அல்லவா? ஐடியாவை நேரடியாகத் தேடினால் அது பிடிகொடுக்காது. கேள்வியைத் தேடினால் ஐடியா அதன் பின்னால் வந்து நிற்கும்.

சரி, கடலைமிட்டாய்க்கு வருவோம். ஒரு தாளை எடுத்து இருபத்தைந்து கேள்வி எழுதுங்கள். யார் வாங்குகிறார்கள், யாருக்காக? பஸ் ஸ்டாண்டில் அவசரமாக வாங்குபவருக்கும் வெளிநாட்டு மகனுக்கு அனுப்ப வாங்குபவருக்கும் ஒரே பேக் போதுமா? ஒரு கையால் திறக்க முடியுமா? பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை எப்படி மூடி வைப்பது? மழைக்காலத்தில் வெல்லம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்குமே, அப்போது காகிதம் ஒட்டிக்கொள்ளாதா? பல் இல்லாத தாத்தாவுக்கு உடைத்துக் கொடுக்க ஏதாவது வழி உண்டா? கவர் குப்பைக்குப் போன பிறகு என்ன ஆகும்? கடைக்காரர் அதைத் தொங்கவிடுகிறாரா, அடுக்குகிறாரா, டப்பாவில் போடுகிறாரா?

பத்து கேள்வி சுலபமாக வந்துவிடும். அதற்கு மேல் தடுமாறுவீர்கள். எழுந்துவிடாதீர்கள். பதினைந்தாவது கேள்விக்கு அப்புறம்தான் மற்றவர்கள் யோசிக்காத கேள்விகள் வரும். எழுதி முடித்ததும் உங்களை உண்மையாகவே உறுத்தும் ஒரே ஒரு கேள்வியை வட்டமிடுங்கள். இனி உங்கள் ப்ரீஃப் அதுதான். நான் 'பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை எப்படி வைப்பது' என்பதை எடுத்துக்கொள்கிறேன்.

படி 3: பின்டெரெஸ்ட்டை மூடிவிட்டுக் கடைக்குப் போங்கள்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ரெஃபரன்ஸ் பார்ப்பது அவசியம்தான். எப்போது பார்க்கிறோம் என்பதில்தான் சிக்கல். ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஒவ்வொரு டிசைன் மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொறியியல் வடிவமைப்பு மாணவர்களிடம் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஸ்ட்ரா வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு குழுவுக்கு மட்டும் மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அந்தப் படத்திலேயே ஸ்ட்ரா இருந்தது. படத்தைப் பார்த்த குழுவினர், கூடாது என்று எழுத்தில் சொல்லியிருந்தும், பார்க்காதவர்களைவிட அதிகமாக ஸ்ட்ரா வைத்து வரைந்தார்கள். கண்ணில் பட்ட தீர்வு கையை இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு வடிவமைப்பு உறைவு என்றே பெயர் வைத்தார்கள். முதல் நாளே, டிசைனர்கள் தங்கள் வேலையைப் போடும் பிஹான்ஸ் தளத்தில் ஐம்பது பேக்கேஜிங் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் நடப்பதும் இதுதான். உங்கள் ஐடியா என்று நினைத்து வரைவதில் பாதி அந்த ஐம்பதிலிருந்து வந்திருக்கும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பொருள், அடுத்து மனிதர்கள், பிறகு உங்கள் சொந்த ஸ்கெட்ச். மற்றவர்களின் வேலை கடைசியில்.

பொருளை எப்படிப் பார்ப்பது? ஒரு கடலைமிட்டாயை வெள்ளைத் தாளில் வைத்து அரைமணி நேரம் செலவிடுங்கள். பளபளப்பான பாகுக்குள் கடலைப் பருப்பு பாதி மூழ்கிப் பாதி வெளியே தெரியும். எதிர் வெளிச்சத்தில் பிடித்தால் பாகு கண்ணாடி போல ஒளியை விடும், கடலை நிழலாக நிற்கும். கோவில்பட்டி மிட்டாயின் மேலே இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் சாயமிட்ட தேங்காய்த் துருவல் தூவியிருப்பார்கள். இந்த மூன்று நிறத்தையும் தேடி எந்தக் கலர் பேலட் ஜெனரேட்டருக்கும் போக வேண்டாம், பண்டமே கொடுத்துவிட்டது. உடைத்துப் பாருங்கள்: நேராக உடையாது, கடலை இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு விரிசல் போகும். அந்த விரிசல் கோடே ஒரு கிராஃபிக். விரலில் ஒட்டுவது, கடிக்கும் சத்தம், வாசனை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள், கையால் வரையுங்கள். வரையும்போதுதான் கண் உண்மையில் வேலை செய்கிறது.

பிறகு ஒரு பெட்டிக்கடையில் ஓரமாக நின்று கவனியுங்கள். யாரிடமும் பேட்டி எடுக்க வேண்டாம், முதலில் கவனித்தாலே போதும். பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பவர்கள் எத்தனை பேர்? மீதியை எங்கே வைக்கிறார்கள்? சட்டைப் பையிலா, ஹேண்ட்பேகிலா, திறந்த கவரை முறுக்கி அப்படியேவா? உங்கள் கேள்விக்கு விடை அந்த முறுக்கலில்கூட இருக்கலாம்.

ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் ஏராளம். சென்னையில் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம் ஒரு மதியம் முழுக்கத் தாங்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் அச்சின் பெரும் சேகரம் இருக்கிறது. முட்டுக்காடு தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் பாரம்பரிய வீடுகளின் கதவு, தூண், திண்ணை அளவுகளைப் போய் வரையலாம். வேறு ஊர் என்றால் பழைய பாத்திரக்கடை, நாட்டு மருந்துக்கடை, சிவகாசியில் அச்சான தீப்பெட்டி லேபிள், இவை போதும். எழுத்தைக் கவனிக்க மறக்காதீர்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'லை' என்ற எழுத்தை லகரத்தின் முன்னால் தும்பிக்கை போல வளையும் கொம்பு வைத்து எழுதுவார்கள். 'கடலைமிட்டாய்' என்ற பெயரின் நடுவிலேயே அந்த 'லை' உட்கார்ந்திருக்கிறது. லெட்டரிங் செய்யப் போகிறவருக்கு, அதாவது எழுத்தைக் கையால் வரைந்து வடிவமைக்கப் போகிறவருக்கு, இது பெரிய புதையல்.

படி 4: எட்டுக் கட்டம், எட்டு நிமிடம்

இப்போது கணினியை மூடுங்கள். ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். கட்டத்துக்கு ஒரு நிமிடம், கட்டத்துக்கு ஓர் ஐடியா. போனில் டைமர் வையுங்கள். பென்சில் வேண்டாம், பேனா; அழிக்க முடிந்தால் அழித்துக்கொண்டே இருப்போம்.

எட்டில் முதல் மூன்று எல்லோருக்கும் வருவதாகவே இருக்கும்: கடலைப் படம் போட்ட கவர், கிராமத்துப் பாட்டி ஓவியம், பனை ஓலைப் பெட்டி. வரட்டும். வெளியே கொட்டினால்தான் உள்ளே இடம் வரும். ஐந்தாவது, ஆறாவது கட்டத்தில் அபத்தமாக ஏதாவது வரும், அதையும் வரையுங்கள். இந்த எட்டு நிமிடத்தில் நல்லது கெட்டது என்ற பேச்சே கூடாது. ஐடியாவைப் பெறுவதையும் எடைபோடுவதையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்பதை விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1950-களிலேயே விதியாக வைத்தார். பிரெயின்ஸ்டார்மிங்கைப் பரப்பியவர் அவர்தான். அந்த உத்தியைப் பற்றி எத்தனை விமர்சனம் வந்தாலும் இந்த ஒரு விதி நிற்கிறது.

ஒரு தாள் போதாது. இரண்டாவது தாளில் முதல் தாளின் எதையும் திரும்ப வரையக் கூடாது. மூன்றாவது தாளில் முதல் இரண்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து எட்டு விதமாக மாற்றுங்கள். இருபத்துநான்கு கட்டம் நிறையும்போது பயம் பாதியாகக் குறைந்திருக்கும், ஏனென்றால் எதிரே இருப்பது வெற்றுத் தாள் இல்லை.

இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் நேராகத் தொடங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். திரையில் எல்லாம் முடிந்த வேலை போலத் தெரியும். மட்டமான ஐடியாகூட நேர்க்கோட்டில் அழகாக நிற்கும், அதை விட மனம் வராது. பேனாக் கிறுக்கலைத் தூக்கிப் போடுவது சுலபம்.

படி 5: மறுபடி வறண்டால்

ஆஸ்பார்ன் எழுதிவைத்த கேள்விகளை 1971-இல் பாப் ஈபர்லி என்ற ஆசிரியர் சுருக்கி வரிசைப்படுத்தினார். ஸ்கேம்பர் என்று உங்கள் வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். ஒன்றை மாற்றி வை, இரண்டைச் சேர், வேறொன்றிலிருந்து எடு, பெரிதாக்கு சிறிதாக்கு, வேறு வேலைக்குப் பயன்படுத்து, நீக்கு, தலைகீழாக்கு. தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதீர்கள், இருக்கும் ஸ்கெட்ச் ஒன்றின் மீது போட்டுப் பாருங்கள். கவரை நீக்கினால்? மிட்டாயை உண்ணக்கூடிய அரிசித் தாளில் சுற்றலாம். வேறொன்றிலிருந்து எடுத்தால்? மாத்திரை அட்டையில் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுப்பது போல ஒவ்வொரு துண்டுக்கும் தனி அறை. 'மீதியை எப்படி வைப்பது' என்ற என் கேள்விக்கு இது நேரடியான பதில். மீதி திறக்கப்படாமலே இருக்கும்.

சேர்ப்பதற்கு நம் பாக்கெட்டில் இருக்கும் உதாரணமே போதும். ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். தேவநாகரியின் 'ர' எழுத்தையும், நிமிர்ந்த தண்டு இல்லாத ரோமன் ஆர் எழுத்தையும் ஒன்றாக்கினார். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது. இரண்டுமே எல்லோரும் தினமும் பார்க்கும் எழுத்துகள். அவற்றைச் சேர்த்த இடத்தில்தான் வடிவமைப்பு இருக்கிறது.

இன்னொரு வழி கட்டப் பட்டியல். வானியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி பரப்பிய முறை இது. உங்கள் பொருளை நான்கு கூறாகப் பிரியுங்கள்: வடிவம், மூலப்பொருள், திறக்கும் விதம், காலியான பிறகு என்ன ஆகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு வாய்ப்பு எழுதுங்கள். வரிசைக்கு ஒன்றாக எடுத்துக் கோத்தால் 256 சேர்க்கை வரும். கண்ணை மூடிக்கொண்டு நான்கைத் தொடுங்கள். நீள உருளை, வாழைநார்க் காகிதம், முறுக்கித் திறப்பது, விதை முளைக்கும் தொட்டி என்று வந்தால் அதை வரைந்தே தீர வேண்டும். பெரும்பாலானவை உதவாது, சில உங்களை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும்.

நீங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்வதும் நன்றாக வேலை செய்யும். ஒரே நிறம், பசை இல்லை, ஒரே தாளில் மடித்தது, எழுத்து மட்டும், படம் இல்லை. முழுச் சுதந்திரத்தில் திணறுபவர்கள் நெருக்கடியில் பாய்ந்துவிடுவார்கள்.

படி 6: நண்பர்களோடு செய்யும்போது

நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினால் ஐடியா பெருகும் என்று தோன்றும். டீல், ஸ்ட்ரோபே என்ற ஆய்வாளர்கள் 1987-இல் சோதித்தபோது தனித்தனியாக யோசித்தவர்களின் ஐடியாக்களைக் கூட்டினால் குழுவாகப் பேசியவர்களைவிட அதிகம் வந்தது. காரணம் எளிது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் மனதில் இருந்தது நழுவிவிடுகிறது. அதனால் முதலில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் மூன்று ஐடியா வரையுங்கள். தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுங்கள். அவர் உங்களுடையதைப் பார்த்து அதன் கீழே மூன்று சேர்க்கட்டும். ஆறு பேர் இப்படிச் சுற்றினால் அரைமணியில் 108. பேச்சு அதற்குப் பிறகு.

படி 7: எழுந்து நடங்கள்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் 2014-இல் செய்த சோதனைகளில், நடக்கும்போது உட்கார்ந்திருப்பதைவிட அதிக ஐடியா வந்தது. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும்கூட. திரும்ப வந்து உட்கார்ந்த பிறகும் அதன் பலன் கொஞ்ச நேரம் இருந்தது. போனை விட்டுவிட்டு, சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: முந்தைய படிகளைச் செய்யாமல் நடந்தால் அது வெறும் நடைதான். மனம் அசைபோட உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

படி 8: தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் நீதிபதி உள்ளே வரலாம். எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டி, படி 2-இல் வட்டமிட்ட கேள்வியை மேலே பெரிதாக எழுதுங்கள். அழகாக வரைந்திருக்கிறது என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள்; கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றைப் பிரித்தெடுங்கள். ஒன்று நிச்சயமாகச் செய்ய முடிந்தது, ஒன்று உங்களைப் பயமுறுத்துவது, ஒன்று ஏன் பிடிக்கிறது என்றே தெரியாதது.

மூன்றையும் அன்றே சார்ட் அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். நேர்த்தி வேண்டாம், நிஜ அளவு வேண்டும். உள்ளே நிஜ மிட்டாயைப் போடுங்கள். மாத்திரை அட்டை யோசனை வரைபடத்தில் பிரமாதமாக இருந்தது. கையில் எடுத்தால் மிட்டாயைத் தள்ளும்போது அது உள்ளேயே நொறுங்குகிறது. அப்போது அறையைப் பின்னாலிருந்து தள்ளாமல் முன்னால் கிழித்து எடுக்கும்படி மாற்றுகிறீர்கள். உடையும் கோட்டில் துளைவரிசை கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. மிட்டாயின் விரிசல் கோடு நினைவுக்கு வருகிறது. யோசித்தால் வராதது கை வேலை செய்யும்போது வரும். முட்டுக்கட்டையை உடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிஹான்ஸைத் திறப்பதற்கும் இதுதான் நேரம். உங்களுக்கென்று ஒரு நிலை வந்த பிறகு பார்த்தால் மற்றவர்களின் வேலை உங்களை இழுக்காது, கற்றுத்தரும்.

ஜூரியில் அடி வாங்கிய பிறகு வரும் முடக்கம்

இது வேறு வகை. ஐடியா இருக்கும், கை எழாது. ஜூரியில் சொன்னதை அன்று இரவே நினைவிலிருந்து எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் செய்யக்கூடிய வேலையாக மாற்றுங்கள். 'இது ரொம்ப ஜெனரிக்' என்றால் 'கோவில்பட்டிக்கு மட்டுமே உரிய ஒன்றை முன்பக்கத்தில் கொண்டு வா' என்று எழுதுங்கள். 'டைப்போகிராஃபி சரியில்லை' என்றால் 'தமிழ்ப் பெயரை மூன்று எழுத்துருவில் வைத்து ஆறடி தூரத்திலிருந்து படித்துப் பார்' என்று எழுதுங்கள். மாற்ற முடியாத வாக்கியம் ஏதாவது மிஞ்சினால் அடுத்த நாள் அந்த ஆசிரியரிடமே போய் 'சார், இதை எப்படிச் சரிசெய்யலாம்?' என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் பொறுமையாகவே சொல்வார்கள்.

வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டன என்றால் அதை டிசைன் பிரச்சினையாக நினைக்க வேண்டாம். கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416-இல் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம்.

நாளைக் காலை சப்மிஷன் என்றால்

எட்டுப் படிகளுக்கும் நேரம் இல்லை. இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடம் கேள்வி எழுதி ஒன்றை வட்டமிடுங்கள். அரைமணி மிட்டாயை வரையுங்கள், அருகில் கடை இருந்தால் வாங்கிவந்து. இரண்டு தாள், பதினாறு கட்டம். வீட்டைச் சுற்றி ஒரு நடை. பத்து மணிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அட்டையில் வெட்டிவிடுங்கள். அதற்கு மேல் புதிய ஐடியா எவ்வளவு நன்றாக இருந்தாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவிட்டுத் திரும்புங்கள். அடுத்த ப்ரீஃபுக்கு அது உதவும். பன்னிரண்டு மணி வரை திருத்தம், பிறகு போட்டோ எடுத்துப் பக்கங்களை அடுக்குவது. கேள்வி எழுதிய தாளையும் கிறுக்கல் தாள்களையும் ஸ்கேன் செய்து பிராசஸ் பக்கமாகச் சேருங்கள். ஜூரியில் ஆசிரியர்கள் அதிக நேரம் நின்று பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான்.